ஸ்பீக்கரை வீடியோவில் கேட்டு விலை பேசலாமா?

கடந்த மாதம் தம்பி ஒருவர் எனக்கு இரண்டு யூடியூப் இணைப்புகளை அனுப்பி, "அண்ணா, இந்த ரெண்டு ஸ்பீக்கர்ல எது நல்லாருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க, இந்த வாரமே அட்வான்ஸ் குடுக்கணும்" என்று எழுதியிருந்தார். இரண்டும் வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு மனிதர்கள் எடுத்த வீடியோக்கள். இரண்டிலும் ஒலித்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெலின் ஆர்கெஸ்ட்ரா படைப்பான 'பொலேரோ'. தம்பி செலவிடவிருந்த தொகை ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த பணம். "இத வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் அப்போது பதில் அனுப்பினேன். காரணத்தை விரிவாகச் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாகத் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

வீட்டு ஹை-ஃபை ஒலியமைப்பில் இசையை ஓடவிட்டு, எதிரில் ஒரு மைக்கை வைத்துப் பதிவுசெய்து வெளியிடும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. ஜப்பானியர் இதற்கு 'கூகி ரொகுஓன்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். காற்றுவழிப் பதிவு என்று அதற்குப் பொருள். அங்கே இதை நல்ல ஸ்டீரியோ மைக்குகளோடும் ரெக்கார்டரோடும் மிகுந்த அக்கறையாகச் செய்பவர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். என் கவலை, அந்தப் பதிவுகளை வைத்துக் கருவிக்கு மதிப்பெண் போடுவதைப் பற்றியது. அதிலும் ஆர்கெஸ்ட்ரா இசையை வைத்து அப்படிச் செய்வது மிகவும் ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு கித்தாரும் ஒரு குரலும் மட்டுமே உள்ள பதிவு இந்தப் பயணத்தில் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். எண்பது, தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்கும் இசை எவற்றால் பெரிதாகிறதோ, அவையெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

தம்பிக்காக என் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். 'பொலேரோ' 1928-இல் பாரிஸில் அரங்கேறிய படைப்பு. சுமார் 15 நிமிடங்கள் நீள்வது. ஸ்னேர் டிரம் ஒன்று மிக மெல்லிய ஒலியில் ஒரு தாளக்கட்டைத் தொடங்கி, கடைசிவரை அதை விடாமல் வாசிக்கும். அதன்மேல் முதலில் ஒற்றைப் புல்லாங்குழல், பிறகு கிளாரினெட் என ஒவ்வொரு வாத்தியமாக அதே மெட்டுகளை ஏந்திவர, முடிவில் முழு ஆர்கெஸ்ட்ராவும் உச்ச ஒலியில் முழங்கும். அதாவது, அந்தப் படைப்பே ஒரே ஒரு நீண்ட ஏற்றம்தான். மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, நான் அமரும் இடத்தில் ஒலியளவு மானியை வைத்துப் பார்த்தபோது தொடக்கம் 45 டெசிபெல்லைச் சுற்றியும் முடிவு 88 டெசிபெல்லைச் சுற்றியும் இருந்தது. அருகிலேயே கைப்பேசியில் எடுத்த வீடியோவைப் பிறகு கணினியில் திறந்து பார்த்தால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அதில் பாதிகூட இல்லை.

கைப்பேசி பழுதாகவில்லை, அது தன் வேலையைத்தான் செய்தது. பேசுபவர் தொலைவில் இருந்தால் குரலைத் தூக்கிவிடவும், அருகில் வந்து கத்தினால் அடக்கிவிடவும் அதற்குள் ஒரு தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு இருக்கிறது. தொடக்கத்தின் மெல்லிய டிரம் ஒலியை அது தொலைவில் பேசும் குரலாக எடுத்துக்கொண்டு உயர்த்தியது. இறுதியின் முழக்கத்தைக் கத்தலாக எடுத்துக்கொண்டு அமுக்கியது. ராவெல் 15 நிமிடங்களில் படிப்படியாகக் கட்டிய மாடியை ஒரு மென்பொருள் தரைமட்டமாக்கிவிட்டது. இந்த வீடியோவைக் கேட்பவர், "இந்த ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் போதவில்லை" என்று எழுதினால், அவர் குறை சொல்வது கைப்பேசியின் நுண்ணறிவை. பழி விழுவது ஆம்ப்ளிஃபயரின்மேல். இதற்குப் பிறகு யூடியூப் தன் பங்குக்கு ஒலியைச் சுருக்கிச் சேமிப்பதும் உண்டு. ஆனால், அதற்கு முன்பே நடந்து முடிந்த சேதத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய விஷயம்.

கட்டுப்பாடு ஏதுமில்லாத நல்ல ரெக்கார்டரை வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். அடுத்த சிக்கல் தீராது. என்னிடமுள்ள 'பொலேரோ', மான்ட்ரியல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை ஷார்ல் துத்துவா நடத்த, அந்நகருக்கு அருகிலுள்ள சென்-யூஸ்டாஷ் தேவாலயத்தில் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் பதிவுசெய்தது. அந்தத் தேவாலயத்தின் உயரமும் எதிரொலியும் இசைத்தட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அதை நான் 14 அடி நீளக் கூடத்தில் ஒலிக்கவிடும்போது, என் சுவர்களும் கண்ணாடி அலமாரியும் தங்கள் எதிரொலியைச் சேர்க்கின்றன. நேரில் அமர்ந்து கேட்கும் எனக்கு அது இடைஞ்சலாகத் தெரிவதில்லை. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியை முதலில் பிடித்துக்கொண்டு, அடுத்த சில பத்து மில்லி நொடிகளுக்குள் பக்கச் சுவரிலிருந்து வருவதைத் தனி ஒலியாகக் கருதாமல் முதல் ஒலியோடு சேர்த்துவிடும் திறமை நம் செவிகளுக்கும் மூளைக்கும் இருக்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதை 1949-ஆம் ஆண்டிலேயே ஆய்வேட்டில் நிறுவிக் காட்டியிருக்கிறார்.

மைக்குக்கு அந்தத் திறமை இல்லை. நேரொலி, சுவரொலி, அலமாரி ஒலி எல்லாவற்றையும் அது ஒரே தட்டில் கொட்டிவிடுகிறது. பிறகு நாம் அந்தப் பதிவை இயர்ஃபோனில் கேட்கும்போது, பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டிய எதிரொலியும் நேரொலி வரும் திசையிலிருந்தே வருவதால் மூளையால் அதைப் பிரித்து ஒதுக்க முடிவதில்லை. "குளியலறையில் வாசிப்பதுபோல் இருக்கிறது" என்று இத்தகைய வீடியோக்களைப் பற்றிப் பலரும் சொல்வதற்குக் காரணம் இதுவே. தேவாலயத்தின் ஆழம் முழுவதும் வரவேற்பறையின் இரைச்சலுக்குள் மூழ்கிப்போகிறது. ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் தலைக்கு மேலே மூன்று மைக்குகளை முக்கோணமாகத் தொங்கவிடும் முறையை டெக்கா பொறியாளர்கள் 1950-களில் வகுத்தார்கள். எந்த மைக் எங்கே என்பதில் அத்தனை சிந்தனை செலுத்தி எடுக்கப்படும் இசை, கடைசியில் டீப்பாயின்மேல் சாய்த்து வைத்த ஒரு கைப்பேசியின் தீர்ப்புக்கு வந்து நிற்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பேஸ் எனப்படும் அடித்தள ஒலியில் நிலைமை இன்னும் மோசம். ஆளுயர வயலின்போல இருக்கும் நான்கு தந்தி டபுள் பேஸ் வாத்தியத்தின் அடித்தந்தி எழுப்பும் சுரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், என் 14 அடிக் கூடத்தின் நீளவாக்கில் இயல்பாக எழும் முதல் அதிர்வும் ஏறக்குறைய அதே 41 ஹெர்ட்ஸ்தான். அந்தச் சுரம் வரும்போது சுவரோரம் ஒலி பெருகும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நான் சோபாவில் சுவரோரமாக அமர்ந்து "பேஸ் கொஞ்சம் அதிகம்" என்று உணர்ந்த அதே நேரத்தில், கூடத்தின் நடுவே முக்காலியில் நின்ற ரெக்கார்டர் "பேஸே இல்லை" என்று பதிவுசெய்திருந்தது. முக்காலியை நான்கடி பின்னால் நகர்த்தியதும் அதே ஸ்பீக்கர் வேறொரு ஸ்பீக்கராக மாறிவிட்டது. இரண்டு வீடுகளில் எடுத்த இரண்டு வீடியோக்களில் எது கருவி, எது அறை என்று எந்த வல்லுநராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

காதை ஏமாற்றும் இன்னொன்று கண். ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து, ஒலியளவைச் சமமாக்கி, கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்கும் முறையைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்தவர்கள். இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர் கண்ணில் பட்ட மாத்திரத்திலேயே மதிப்பெண்கள் மாறிவிட்டன. வீடியோ இதற்கு நேர் எதிரான ஏற்பாடு: செம்மஞ்சளாய் ஒளிரும் ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகளும் மெருகேற்றிய மரப்பெட்டியும் முதல் நொடியிலேயே நம்மை ஒரு பக்கம் சாய்த்துவிடுகின்றன. அத்துடன், ஒரு வீடியோ மற்றதைவிடச் சற்றே உரக்க ஒலித்தாலும் போதும். நம் காது அதைச் சத்தக் கூடுதலாக எடுத்துக்கொள்ளாமல், தெளிவாகவும் விரிவாகவும் கேட்பதாகவே சொல்லும்.

கருவியின் ஒலியைப் பிறருக்குக் கேட்கவைத்து அதன் தரத்தை நிறுவும் இந்த ஆசை புதிதன்று. எடிசன் நிறுவனம் 1915 முதல் பத்தாண்டு காலம் அமெரிக்காவெங்கும் 'டோன் டெஸ்ட்' நிகழ்ச்சிகளை நடத்தியது. மேடையில் பாடகியும் இசைத்தட்டுப் பெட்டியும் அருகருகே இருக்க, விளக்கு அணைந்த பிறகு பாடுவது யார் என்று அவையோர் கண்டுபிடிக்க வேண்டும். திணறிப்போனார்கள் என்று அன்றைய விளம்பரங்கள் பெருமை பேசின. அவற்றில் பாடிய அன்னா கேஸ், பெட்டியின் தொனிக்கு ஏற்பத் தம் குரலை அமைத்துக்கொண்டதைப் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். வார்ஃப்டேல் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ் 1954-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நேரடி வாசிப்பையும் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுக் காட்டினார். இந்த நிகழ்ச்சிகளில் எத்தனை குறை இருந்தாலும் ஒன்று சரியாக இருந்தது: ஒப்பிடுவதற்கு மூலம் அதே இடத்தில் இருந்தது. இன்றைய வீடியோக்களில் பெரும்பாலும் மூலமே இல்லை. எதனோடு ஒப்பிட்டு நன்று, தீது என்கிறோம்?

ஆகவே, இத்தகைய வீடியோக்களை வெளியிடும் நண்பர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. ஒரே அறையில், ஒரே இடத்தில், மைக்கைக் காது இருக்கும் உயரத்தில் வைத்து, தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டை அணைத்து, இரண்டு கருவிகளின் ஒலியளவையும் மானியால் சமப்படுத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள். இடையிடையே இசைத்தட்டின் மூல ஒலியையும் நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். அப்போது கேட்பவருக்கு இரண்டு கருவிகளுக்கும் இடையிலான தொனி வேறுபாடாவது ஓரளவு தெரியவரும். வேறு வேறு வீடுகளின் வீடியோக்களை ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுவோம். எனக்கு இந்தப் பதிவுகளால் கிடைத்த மெய்யான பயன் வேறு: ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளும்போதும், கனமான திரைச்சீலை போடும்போதும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பதிவுசெய்து வைத்துக்கொள்வதால், என் கூடத்தின் மாற்றங்களை நாட்குறிப்புபோலத் திரும்பிப் பார்க்க முடிகிறது.

தம்பி சென்ற ஞாயிறு வீட்டுக்கு வந்தார். 'பொலேரோ'வை முழுவதுமாகக் கேட்டார். அதில் ஓரிடத்தில் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகொம்பு மெட்டை வாசிக்க, அதே சுரங்களின் இரண்டு, நான்கு மடங்கு அதிர்வெண்ணில் மணியோசை எழுப்பும் செலஸ்டாவும், மூன்று, ஐந்து மடங்கில் பிக்கலோ என்ற இரு சிறு புல்லாங்குழல்களும் கூடவே செல்லும். ஓர் இயற்கை ஒலிக்குள் இருக்கும் மடங்குகளை ராவெல் தனித்தனி வாத்தியங்களாகப் பிரித்து அடுக்கிய இடம் அது. சரியாக ஒலித்தால் நான்கும் கலந்து, உலகில் இல்லாத ஒரு புது வாத்தியமாகக் கேட்கும். அந்த இடம் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, "இது என்ன வாத்தியம் அண்ணா?" என்று கேட்டார். இசை முடிந்ததும் அதே இடத்தைக் கைப்பேசி வீடியோவில் போட்டுக் காட்டினேன். ஒரு ஹார்னும், அதற்கு மேலே ஒட்டாமல் ஓடும் விசில் ஒலியும் தனித்தனியாகக் கேட்டன. இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் ஒரே மைக்கில் வந்து கலக்கும்போது, தொலைவில் ஒரு சாண் அளவுக்கும் குறைவான வேறுபாடு இருந்தாலே 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். அந்தக் கலவை அப்போதே குலைந்துவிடும். அவர் இரண்டு முறை அதைக் கேட்டார், எதுவும் பேசவில்லை. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் கடைக்குப் போய் இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே அறையில் வைத்துக் கேட்பதற்காக, அந்த இசைத்தட்டை என்னிடம் இரவல் வாங்கிச் சென்றிருக்கிறார்.