முதலில் வீச மாட்டோம் என்ற வாக்கு

எல்லையில் பதற்றம் வந்தால் போதும், "அணுகுண்டை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று நாம் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பாகிஸ்தான் அப்படி வாக்குத் தரவில்லை என்பது உண்மைதான். நம் டாங்கிப் படை உள்ளே புகுந்தால் வீசுவதற்கென்றே 60 முதல் 70 கிலோமீட்டர் வரை பாயும், அணுகுண்டு சுமக்கும் நஸ்ர் ஏவுகணையை வைத்திருக்கிறது. ஆனால் நாமும் முதலில் வீசுவோம் என்று சொன்னால் என்ன ஆகும்? 'அவன் அழிப்பதற்குள் நாம் ஏவிவிட வேண்டும்' என்ற பயம் அங்கே வரும். அந்தப் பயத்தைப் பார்த்து இங்கேயும் வரும். இரண்டு பக்கமும் குண்டை ஏவுகணையில் பொருத்தித் தயாராக நிற்கும். யோசிக்க நேரமே இருக்காது.

2022 மார்ச் 9 நினைவிருக்கிறதா? நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று டெல்லி வெளிப்படையாகச் சொன்னது மார்ச் 11 அன்றுதான். இரண்டு நாள்! முந்திக்கொண்டவன்தான் பிழைப்பான் என்று இரு நாடுகளும் நம்பிக்கொண்டிருந்த காலமாக இருந்தால், அந்த இரண்டு நாள் நமக்குக் கிடைத்திருக்குமா?

முதலில் வீச மாட்டோம் என்று 2003 ஜனவரி 4 அன்று அரசு முறைப்படி அறிவித்தது. அதிலேயே ஒரு ஓட்டை உண்டு: உயிரியல், ரசாயன ஆயுதங்களால் பெரிய தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தால் பதிலடி தரலாம். அது இருந்திருக்கவே கூடாது என்பது என் கருத்து. அப்புறம் 2019 ஆகஸ்டில், நம் அணுகுண்டு சோதனை நடந்த பொக்ரானில் நின்றுகொண்டு, இனி என்ன ஆகும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங். இப்படி ஒவ்வொரு வார்த்தையாகத் தளர்த்தினால் எதிர்த்தரப்பு எதை நம்பும்?

வாக்கால் என்ன பயன் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது என்று 1988இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அந்த நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் வைத்திருக்கும் நமக்கு அது சின்ன விஷயமா?

சீனா 1964இல் முதல் குண்டை வெடித்த அன்றே இதே வாக்கைத் தந்தது. அவர்களோடு இதை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திடக் கேட்போம். 2003 அறிவிப்பில் உள்ள அந்த ஓட்டையை அடைப்போம். உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா என்று கேளுங்கள்.