ஹல்ட் பரிசு முகாமைத்துவ பீடத்துக்கு மட்டும் உரியதன்று

ஹல்ட் பரிசு என்பது பல்கலைக்கழக மாணவர்கள் சமூகப் பிரச்சினைகளைத் தீர்க்கும் தொழில் எண்ணங்களோடு மோதும் உலகளாவிய போட்டி. "ஹல்ட் பரிசுக்கு முகாமைத்துவ பீட மாணவர்கள்தான் போகலாம், பதிவுசெய்த கம்பனியும் வேண்டும், எல்லாம் ஆங்கிலத்தில்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முதல் இரண்டும் தவறு. இதை நம்பி நம் பிள்ளைகள் யாரும் பின்வாங்கிவிடக் கூடாது.

எந்தப் பீடத்து மாணவரும் குழு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் வளாகச் சுற்றுக்குப் பதிவுசெய்த கம்பனி தேவையில்லை. உங்கள் எண்ணம் ஐக்கிய நாடுகளின் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்றையாவது தொட வேண்டும். தன் வருமானத்தில் தானே நிற்கவும் வேண்டும். நல்ல மனதோடு நன்கொடைத் திட்டம் எழுதிக்கொண்டு போனால் எடுபடாது.

2018இல் இந்தப் பரிசான 10 இலட்சம் அமெரிக்க டொலரை வென்றது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் குழு. அவர்கள் எடுத்துக்கொண்டது நெல் உலர்த்தும்போது விவசாயிக்கு ஏற்படும் இழப்பு. மாசி மாதம் கிளிநொச்சிப் பக்கம் போய்ப் பாருங்கள்: தார் வீதியின் ஒரு பாதியில் நெல், மறு பாதியில் பஸ், வானம் இருண்டால் குடும்பமே சாக்கோடு ஓடி வருகிறது. இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதா? கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அருகருகே இருக்கின்றன. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பிரதான வளாகத்திலிருந்து கணக்கு வழக்குத் தெரிந்த ஒருவரைச் சேர்த்தால் குழு ஆயிற்று. நெல் வேண்டாமென்றால், குடாநாட்டுக் கிணறுகளில் உரத்தால் ஏறிய நைத்திரேற்று மாசு இருக்கிறது; அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் பற்றித் தம்பி சொன்னது சரி. அதற்கு இன்றைக்கே நண்பர்கள் முன் நின்று பேசிப் பழகத் தொடங்குங்கள்.