எக்ஸ்சேஞ்ச் போட்டு ஐபோனுக்கு மாறாதீர்கள்

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறலாமா என்று பேச்சு எடுத்தாலே கேமராவுக்கும் விலைக்கும் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு: பழைய போன் இன்னும் ஒரு வாரம் உங்கள் கையில் இருக்குமா? வாசலில் புதுப் பெட்டியை நீட்டி, பழைய போனை ரீசெட் போடச் சொல்லி, அங்கேயே வாங்கிக்கொண்டு போகிற எக்ஸ்சேஞ்சில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், பேசாமல் இன்னொரு ஆண்ட்ராய்டே வாங்கிவிடுங்கள்.

முதல் காரணம் வாட்ஸ்அப். கூகுள் டிரைவில் தினமும் பேக்கப் ஆகிறதே என்று தைரியமாக இருப்பார்கள். அந்த பேக்கப்பை ஐபோன் எடுக்காது. ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பான ஐகிளவுடில் இருப்பதை ஆண்ட்ராய்டும் எடுக்காது. பழைய உரையாடல்கள் வேண்டுமென்றால் இரண்டு போனும் பக்கத்து பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு இப்படிக் கொண்டுவரும் வசதியே 2022இல்தான் வந்தது.

ஆண்ட்ராய்டில் ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பை இறக்குங்கள். இரண்டையும் சார்ஜரில் போடுங்கள். ஐபோனை முதல்முறை செட்டப் செய்யும்போது, ஆண்ட்ராய்டிலிருந்து டேட்டா கொண்டுவரவா என்று கேட்கும் இடத்தில் ஒரு எண் காட்டும். அதை ஆண்ட்ராய்டில் போட்டு, வரும் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட்டுத் தயார் செய்ய வேண்டும். முடிந்ததும் ஐபோனில் வாட்ஸ்அப்பை இறக்கி உங்கள் பழைய போன் எண்ணிலேயே நுழைந்தால் உரையாடல்கள் வந்துவிடும். கால் ஹிஸ்டரி மட்டும் வராது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று செட்டப்பைத் தாண்டிப் போய்விட்டால், ஐபோனை முழுக்க அழித்துவிட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

பாதியில் அறுந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இரண்டு போனுக்கும் நடுவில் ஐபோன் ஒரு தற்காலிக வைஃபை போடுகிறது. அதில் இணையம் கிடையாது. "இது செத்த வைஃபை" என்று நினைத்து ஆண்ட்ராய்டு தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அதனால் முதலிலேயே மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஐபோனில் டேட்டா வருவதைக் காட்டும் பட்டை முழுவதும் ஓடி முடிகிறவரை ஆண்ட்ராய்டில் வேறு ஆப்பைத் திறக்காதீர்கள். நடுவில் ஒரு கால் வந்தாலும் நின்றுபோகலாம்.

அடுத்தது யுபிஐ. போன் மாறினால் உங்கள் போன் எண்ணை மறுபடி சரிபார்க்க வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப் தானே அனுப்பிவிடும். ஐபோனில் அதற்கு அனுமதி இல்லை. மெசேஜ் பெட்டி திறக்கும், உள்ளே புரியாத எழுத்துகள் இருக்கும், அம்புக்குறியை நீங்கள்தான் அழுத்த வேண்டும். அந்த எழுத்துகளில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். இரண்டு சிம் இருந்தால், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்துதான் போகிறதா என்று பார்த்து அழுத்துங்கள். ரீசார்ஜ் காலம் முடிந்துபோன சிம்மில் எஸ்எம்எஸ் போகாது, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதையும் தாண்டிய பிறகு, பல வங்கிகளில் ஆண்ட்ராய்டு என்றால் 24 மணி நேரமும் ஐபோன் என்றால் 72 மணி நேரமும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடமாட்டார்கள். பள்ளிக் கட்டணம், வாடகை கட்டுகிற வாரத்தில் மாறாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கான்டாக்ட் எல்லாம் கூகுள் கணக்கில்தான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பாதி சிம்மிலோ போன் மெமரியிலோ கிடக்கும், மாறுவதற்கு முன்பே அவற்றைக் கூகுளுக்கு நகர்த்திவிடுங்கள். ஓடிபி எண் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள் அதையும் பழைய போன் உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டும். பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் ஆப் ஸ்டோருக்கு வராது. மாதச் சந்தா பிளே ஸ்டோர் வழியாகப் போய்க்கொண்டிருந்தால் அங்கேயே போய்த்தான் நிறுத்த வேண்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு மாறுவதில் லாபம் உண்டா? "ஐபோனுக்குத்தான் நிறைய வருஷம் அப்டேட் வரும்" என்ற வாதம் இப்போது பாதிதான் உண்மை. 2023இல் கூகுளின் பிக்சல் 8க்கும், 2024இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24க்கும் 7 வருட அப்டேட் அறிவித்துவிட்டார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டுகளோடு ஒப்பிட்டால் மட்டும் அந்த வாதம் இன்னும் நிற்கும். ஆன்லைன் சேமிப்பிடத்தில் ஐபோன் கஞ்சத்தனம்தான்: கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, ஐகிளவுட் 5 ஜிபி. வாட்ஸ்அப் வீடியோக்களே அதை விழுங்கிவிடும்.

தமிழில் தட்டுவதற்கு பயப்பட வேண்டாம். தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் கீபோர்டுகளும் ஐபோனிலேயே இருக்கின்றன, செட்டிங்ஸில் ஜெனரல், கீபோர்டு என்று போய்ச் சேர்த்தால் போதும். கடுப்பேற்றப்போவது பேக் பட்டன்தான். ஆண்ட்ராய்டில் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால் போகும். இங்கே இடமிருந்து வலமாக இழுத்தால்தான் போகும், அதுவும் சில ஆப்களில் வேலை செய்யாது. இன்னொன்று: ஐபோன் படங்களை எச்இஐசி வடிவில் சேமிக்கும், ஜேபிஜி மட்டும் கேட்கிற ஆன்லைன் விண்ணப்பங்கள் அதைத் திருப்பிவிடும். செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவைத்தால் தொல்லை தீர்ந்தது.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருகிறவர்கள் சிம்மைக் கழற்றுவதற்கு முன், ஐபோன்களுக்குள் மெசேஜ் அனுப்பும் ஐமெசேஜை அணைக்க வேண்டும். இல்லையென்றால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் மெசேஜ்கள் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். இப்படி வரும்போது வாட்ஸ்அப்புக்குப் பெரும்பாலும் கேபிள் தேவைப்படும், ஆண்ட்ராய்டை முதல்முறை செட்டப் செய்யும்போதே இணைத்துவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து, யுபிஐயில் 5,000க்கு மேல் ஒரு தொகை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பிறகு பழைய போனை வெளியே விற்றுக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் போனால் போகட்டும். ரீசெட் போடுவதற்கு முன் அதிலிருந்து கூகுள் கணக்கை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்த போன் பழைய கணக்கைக் கேட்டு நின்று, வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு போன் செய்ய நேரலாம்.