பேதுருவின் நிழல் விழுந்த தெரு

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் மசாச்சோ என்று பேச்செடுத்தாலே எல்லோரும் 'வரிப்பணம்' ஓவியத்துக்குப் போய்விடுகிறார்கள். புளோரன்ஸின் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தில், பிராங்காச்சி சிற்றாலயத்துச் சுவர்களில் புனித பேதுருவின் வாழ்க்கை வரையப்பட்டிருக்கிறது. அதிலே அதிகம் பேசப்படுவது அதுதான். அருமையான படம், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது, பீடத்துச் சுவரின் இடப்பக்கம் கீழ்வரிசையில் இருக்கும் ஒடுங்கிய ஓவியத்தை.

பேதுருவின் நிழலாவது படட்டும் என்று நோயாளிகளைத் தெருவில் கொண்டுவந்து கிடத்தினார்கள் என்று விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறதே, அந்தக் காட்சி. தெருவோ அசல் புளோரன்ஸ் தெரு. முரட்டுக் கல் வைத்துக் கட்டிய மாளிகைச் சுவர், பக்கத்தில் மாடி துருத்திக்கொண்டிருக்கும் சாதாரண வீடுகள். பேதுரு நடந்து வருகிறார். கையைத் தூக்கி ஆசீர்வதிக்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்வை நேர் எதிரே. ஓரமாகத் தரையில் ஒருவன், கால்கள் சூம்பிப்போய் மடங்கிக் கிடக்கின்றன. அவனுக்குப் பின்னால் ஒருவர் எழுந்துகொண்டிருக்கிறார். அதற்கும் பின்னால் இருப்பவர்கள் நின்றேவிட்டார்கள். நிழல் கடந்துபோன வரிசை அது! படத்தில் வெளிச்சம் வரும் திசையும் சிற்றாலயத்தின் உண்மையான சன்னல் இருக்கும் திசையும் ஒன்றே.

புனிதர்களின் அற்புதங்களை வரைந்த படங்களில் பெரும்பாலும் புனிதரே மையம். நோயாளி சாட்சிக்கு நிற்பவர். இங்கே அந்தச் சூம்பிய கால்களுக்குக் கொடுத்த கவனம் பேதுருவின் மேலங்கிக்குக் கொடுத்த கவனத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஏழையின் உடம்பை இவ்வளவு மரியாதையோடு பார்த்த கண் அந்தக் காலத்தில் அபூர்வம். 1427-இல் புளோரன்ஸ் அரசு புது வரிக்காகக் கணக்குக் கேட்டபோது மசாச்சோ கொடுத்த விவரம் இன்றும் இருக்கிறது: தாயோடும் தம்பியோடும் குடித்தனம், தலைக்கு மேல் கடன். அடுத்த வருஷம் ரோமில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

வேலை பாதியில் நின்றது. சிற்றாலயத்தின் உரிமையாளர், பட்டு வணிகர் ஃபெலிச்சே பிராங்காச்சி, புளோரன்ஸில் அதிகாரம் செலுத்திய மெதிச்சி குடும்பத்தைப் பகைத்துக்கொண்டு நாடு கடத்தப்பட்டார். சுவரில் இருந்த அவர் குடும்பத்தாரின் முகங்களை அப்போது அழித்துவிட்டார்கள் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மீதியை 1480-களில் ஃபிலிப்பினோ லிப்பி என்ற ஓவியர் முடித்தார். 1771-இல் தேவாலயத்தில் பெருந்தீ. சிற்றாலயம் தப்பியது, ஓவியங்களில் கரி ஏறியது. 1980-களில் அதைத் துடைத்தெடுத்த பிறகுதான் நமக்கு இந்த நிறங்கள் கிடைத்தன.

அதே பீடத்துச் சுவரில் வலப்பக்கம், பேதுரு ஏழைகளுக்குப் பணம் பகிரும் படத்தையும் விட்டுவிடாதீர்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய் நிற்கிறாள். குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே துணி இல்லை. 'வரிப்பணம்' பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பாதியாவது இந்த இரண்டு படங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.