நாற்காலில உக்காந்திருக்கறவரை யாரு எழுப்பறது?

நியூஜெர்சில இருக்கற எங்க மச்சான் போன் பண்ணும்போதெல்லாம் இதே புலம்பல்தான். பைடனுக்கு வயசாயிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியுமே, 2023லயே ஆளை மாத்தியிருந்தா டிரம்ப் திரும்ப வந்திருப்பாரான்னு. சரி மச்சான், மாத்தறது யாரு? அங்க டெல்லி மேலிடம் மாதிரி ஒண்ணு உக்காந்துகிட்டு "நீங்க விலகிக்கோங்க"ன்னு போன் போடற வழக்கமே இல்லையே. கட்சிக்காரர் ஒருத்தர் வெள்ளை மாளிகைல இருந்தா அவர்தான் மேலிடம். தேசிய கமிட்டிக்கு யாரு தலைவர்னு அவர்தான் கைகாட்டறாரு. 2024க்கு சவுத் கரோலினாவை பிரைமரி (கட்சி வேட்பாளர் யாருன்னு மாநிலம் மாநிலமா நடக்கற ஓட்டெடுப்பு) வரிசைல முன்னாடி கொண்டுவந்ததே பைடன் சொல்லித்தான், 2020ல அவரைக் கரையேத்துன மாநிலம் அது. ஃபுளோரிடால கட்சி அவர் பேரை மட்டும் அனுப்பிட்டு பிரைமரியே நடத்தாம விட்டுடுச்சு. டிரம்ப்போட குடியரசுக் கட்சி மட்டும் யோக்கியமா, 2020ல டிரம்ப்புக்காக பல மாநிலத்துல பிரைமரியை ரத்து பண்ணவங்கதான்.

இதுல எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது 1980, சொந்தக் கட்சி ஜனாதிபதியையே எதிர்த்து நின்ன டெட் கென்னடி கதை. கார்ட்டர் ஜனாதிபதி, விலைவாசி எகிறுது, பெட்ரோல் பங்க்ல க்யூ, 1979 கடைசில கருத்துக்கணிப்புல கென்னடி எங்கயோ மேல இருக்காரு. இவரை அடிக்க ஆளே இல்லன்னு நெனச்சப்ப ஒரே நாள்ல, நவம்பர் 4, ரெண்டு விஷயம் நடந்துச்சு. சிபிஎஸ் டிவில ஒளிபரப்பான பேட்டில நிருபர் ரோஜர் மட் "நீங்க ஏன் ஜனாதிபதி ஆகணும்?"னு சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாரு, மனுஷன் தட்டுத்தடுமாறி என்னமோ சொன்னாரு. அன்னிக்கே தெஹ்ரான்ல அமெரிக்க தூதரகத்தைப் பிடிச்சுட்டாங்க. நாட்டுக்கு ஆபத்துன்னதும் ஜனங்க கார்ட்டர் பின்னாடி போயிட்டாங்க, அவரும் பிரச்சாரத்துக்கே போகாம, விவாதத்துக்கும் வராம, வெள்ளை மாளிகைக்குள்ளயே இருந்து ஜெயிச்சுக்கிட்டிருந்தாரு. பதவில இருக்கறவருக்கு இந்த வசதி இருக்கே, அது போட்டி போடறவனுக்கு எந்த ஜென்மத்துலயும் வராது. அப்புறம் கோபம் திரும்பி கென்னடி நியூயார்க், கலிஃபோர்னியான்னு ஜெயிச்சாலும் டெலிகேட் (மாநாட்டுல வேட்பாளருக்கு ஓட்டுப்போடற பிரதிநிதி) கணக்கு கார்ட்டர் பக்கம் முடிஞ்சுபோச்சு. ஆகஸ்ட் மாநாட்டுல பிரைமரி முடிவோட டெலிகேட்டுங்களைக் கட்டிப்போடற விதியை எடுங்க, மனசாட்சிப்படி ஓட்டுப்போடட்டும்னு கேட்டு அதுலயும் தோத்தாரு. கடைசி நாள் மேடைல கென்னடி கையைப் பிடிச்சுத் தூக்கி போட்டோ எடுத்துக்க கார்ட்டர் பின்னாடியே சுத்துனதும் இவர் பிடிகொடுக்காம நழுவுனதும், பாக்கவே பாவமா இருக்கும். நவம்பர்ல கார்ட்டருக்குக் கிடைச்சது வெறும் 6 மாநிலமும் வாஷிங்டனும்.

இதைக் காட்டித்தான் எல்லாரும் பயமுறுத்துவாங்க. 1976ல ஜனாதிபதி ஃபோர்டை கட்சிக்குள்ளயே எதிர்த்து ரீகன் நின்னாரு (டெலிகேட் ஓட்டு 1187க்கு 1070, அவ்ளோதான் வித்தியாசம்), ஃபோர்டு நவம்பர்ல தோத்தாரு. 1992ல சீனியர் புஷ்ஷை எதிர்த்து புக்கனன், புஷ் தோத்தாரு. அதனால உள்ளுக்குள்ள போட்டி வந்தாலே கட்சி காலின்னு ஒரு வேதவாக்கு. எனக்கு இது தலைகீழாத்தான் படுது. மரம் உளுத்துப்போனதுக்கு அப்புறம்தானே மரங்கொத்தி வருது, கொத்துனதாலயா மரம் விழுந்துச்சு? ஆனா இந்த வேதவாக்கை நம்பித்தான் நியூசம், விட்மர் மாதிரி கவர்னருங்க 2023ல வாயை மூடிக்கிட்டு 2028 பாத்துக்கலாம்னு உக்காந்துட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியல, தோத்தா காலத்துக்கும் துரோகிப் பட்டம்ல. ரீகன் மாதிரி நாலு வருஷத்துல திரும்பி வர எல்லாராலயும் முடியுமா என்ன.

ஜெயிச்சு வந்த ஜனாதிபதி ஒருத்தர் மறுபடி நிக்கறேன்னு கேட்டு கட்சி மாட்டேன்னு சொன்னது 1856ல பியர்ஸுக்கு மட்டும்தான், பிரைமரியே இல்லாத காலம் அது. 1968ல ஜான்சன்கூட நியூஹாம்ப்ஷயர்ல 49 சதவீதத்துக்கு 42ன்னு ஜெயிச்சவருதான், எதிர்த்து நின்ன மெக்கார்த்தி அவ்ளோ கிட்ட வந்ததுல ஆடிப்போயி, ஜான் கென்னடியோட தம்பி ராபர்ட்டும் இறங்குனதும் மார்ச் 31 அவரே விலகிட்டாரு.

பைடன் கதையும் அதேதான். 2024 ஜூன் 27 அட்லாண்டா விவாதம் பாத்து கட்சியே மிரண்டுடுச்சு, ஆனா கையில கிட்டத்தட்ட 3,900 டெலிகேட் வச்சிருக்கறவரை என்ன பண்ணுவீங்க? 1980 சண்டைக்கு அப்புறம் விதியைத் தளர்த்தி மனசாட்சின்னு ஒரு வார்த்தையைச் சேத்தாங்கதான், ஆனா அந்த டெலிகேட்டுங்க எல்லாம் அவர் டீம் பாத்து ஓகே பண்ண ஆளுங்க. எம்பிக்கள் ஒவ்வொருத்தரா அறிக்கை விட்டு, நன்கொடை குடுக்கறவங்க பையை மூடி, முன்னாள் சபாநாயகர் பெலோசி பேசி, அதுக்கப்புறமும் அவரா ஒரு லெட்டர் போட்டுத்தான் ஜூலை 21 முடிஞ்சுச்சு. நம்ம துளசேந்திரபுரத்துல அவருக்குப் பதிலா நின்ன கமலாவுக்கு பேனர் கட்டி பூஜை போட்டுக்கிட்டிருந்தப்ப அங்க தேர்தலுக்கு மிச்சம் இருந்தது 107 நாள்.

மச்சான் ஒருத்தரை மறந்துட்டாரு. டீன் பிலிப்ஸ்னு மினசோட்டா எம்பி, இதே வயசு விஷயத்தைச் சொல்லித்தான் பைடனை எதிர்த்து நின்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பைடனுக்கு வயசாச்சுன்னு கருத்துக்கணிப்புல சொன்ன அதே ஜனங்க பிரைமரில இவருக்குப் போடல, சொந்த மாநிலத்துலயே இவரைவிட "யாருக்கும் இல்ல"ங்கற பெட்டிக்கு அதிக ஓட்டு விழுந்துச்சு. மறுநாளே விலகி பைடனுக்கு ஆதரவுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மச்சான், நீங்க அன்னிக்கு யாரு பக்கம் நின்னீங்க?