கசின் என்று சொல்லிக் குடிவந்தவர்கள்

சிட்னியின் மேற்குப் பக்கம், பெண்டில் ஹில், டூங்காபி, வெண்ட்வொர்த்வில் என்று நம் ஆட்கள் நெருக்கியடித்து வாழும் இடங்களில், பல வீடுகளுக்குப் பின்னால் ஒரு கிரானி ஃப்ளாட் இருக்கும். எங்கள் வீட்டிலும் உண்டு. ஒரு படுக்கையறை, ஒரு சின்ன சமையல் மேடை, அவ்வளவுதான். இருபது மாதமாக அதில் ஒரு ஜோடி குடியிருக்கிறது. வந்த அன்று பையன், "இவங்க என் கசின், அக்கா. மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்காங்க" என்றான். ஒற்றைப் படுக்கையறைக்குக் கசினைக் கூட்டி வருகிறவனிடம் நான் என்ன கேட்பது? சரி தம்பி என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கசின்தான் பிப்ரவரியில் ஒரு நாள் என் சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்து, "நாங்க குடும்பமா வாழறோம்னு நீங்க எழுதித் தரணும் அக்கா" என்று அழுதாள். அவளுடைய மாணவர் விசா முடிய ஐந்து வாரம் இருந்தது. (இதை எழுதலாமா என்று இருவரையும் கேட்டுவிட்டேன். அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவளுக்கு 37 வயது. ஊரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு கசப்பான கல்யாணத்திலிருந்து வெளியே வந்து, சேமிப்பைப் போட்டுப் படிக்க வந்தவள். பையன் அவளைவிட நான்கு வயது சின்னவன், இங்கே நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) வாங்கியவன். வேறு சாதி. இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம், ஏன் கசின் ஆனார்கள் என்று உங்களுக்கே புரியும்.

படிப்பு முடிந்தவர்கள் வழக்கமாகப் போகிற வழி 485, அதாவது பட்டதாரிகளுக்கான தற்காலிக விசா. இந்திய பாஸ்போர்ட்டில் மாஸ்டர்ஸ் முடித்தவருக்கு மூன்று வருஷம் வரை கிடைக்கும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலானவர்களுக்கு அதன் வயது வரம்பை 50இலிருந்து 35ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்காரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. இவள் இங்கே வந்து இறங்கியபோதே 35 தாண்டியாகிவிட்டது. அந்தக் கதவு மூடியிருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கோர்ஸில் சேர்த்துவிட்ட ஏஜென்ட்டிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "இன்னொரு டிப்ளமோ போட்டுடலாம் மேடம், ஈசி" என்றாராம். மாஸ்டர்ஸ் முடித்த 37 வயதுக்காரி லீடர்ஷிப் டிப்ளமோவில் சேர்ந்தால், 2024 மார்ச்சில் வந்த 'உண்மையான மாணவர்' சோதனையில் அதிகாரி என்ன நினைப்பார்? விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலை நிலவரப்படி 2,000 டாலர். கோர்ஸ் கட்டணமும் கமிஷனும் தனி. கல்வி ஏஜென்ட் வேறு, குடிவரவு ஏஜென்ட் வேறு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. வழக்கறிஞரோ பதிவு எண் உள்ள குடிவரவு ஏஜென்ட்டோ அல்லாத ஒருவர் விசா ஆலோசனை சொல்லிக் காசு வாங்குவது சட்டப்படி தப்பு. பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, எண்ணைத் தட்டினால் பெயர் வரும்.

அடுத்தது நம் மாமாக்களின் ஆலோசனை. கோயில் வாசலில் கேட்டாலும், பொங்கல் விழா சாப்பாட்டு வரிசையில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பேசாம கல்யாணத்தைப் பண்ணிக்க வேண்டியதுதானே?" ஆனால் அவளுடைய விவாகரத்து வழக்கு ஊரில் வாய்தா மேல் வாய்தா போய்க்கொண்டிருக்கிறது, அந்தக் கணவர் பரஸ்பரச் சம்மதத்துக்கு வரமாட்டேன் என்கிறார். முதல் கல்யாணம் சட்டப்படி முடியாதபோது இன்னொன்று பண்ணினால் அங்கேயும் குற்றம், இங்கேயும் குற்றம். அந்தச் சிக்கல் இல்லாதவர்களுக்குமே நான் இதைச் சொல்லமாட்டேன். விசாத் தேதியைப் பார்த்து முகூர்த்தம் குறிக்கிற கல்யாணங்களைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்டில் பார்ட்னர் விசாவுக்குத் தாலியோ சர்டிஃபிகேட்டோ கட்டாயம் இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவரோடு 'டி ஃபாக்டோ' உறவில், அதாவது கல்யாணம் ஆகாமலே கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழும் உறவில் இருந்தால் போதும், 820 என்ற பார்ட்னர் விசாவுக்கு உள்ளூரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாக அந்த உறவு விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். ஊரில் ஒரு கல்யாணம் காகிதத்தில் மிச்சமிருப்பது மட்டுமே இதற்குத் தடையில்லை. பழைய உறவு நிஜமாகவே முடிந்துவிட்டது என்று காட்ட வேண்டும். இருவரும் ரத்த உறவாக இருக்கக் கூடாது என்றும் சட்டத்தில் ஒரு வரி உண்டு. ஆனால் அது பெற்றோர் பிள்ளை வழியையும் உடன்பிறப்பையும்தான் சொல்கிறது. அத்தை மகனாகவே இருந்தாலும் இங்கே பிரச்சினை இல்லை! இதைப் படித்துக் காட்டியபோதுதான் அவள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதிகாரிகள் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். நான் அவளுக்குச் சொன்ன பாஷையில், பணம், வீடு, ஊர், மனசு. பணத்தைப் பகிர்ந்துகொள்கிறீர்களா, வீட்டு வேலையையும் பொறுப்பையும் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள், ஊர் உலகத்துக்கு உங்களை ஜோடியாகத் தெரியுமா, நீண்ட நாள் சேர்ந்திருக்கும் எண்ணம் உண்டா.

மூன்றாவதில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். இந்த இரண்டு பேரும் இருபது மாதமாக உழைத்ததே ஊருக்குத் தெரியக் கூடாது என்றுதான். வாடகை ஒப்பந்தத்தில் பையன் பெயர் மட்டும். "என் பேர் வேண்டாம் அக்கா" என்று அவளே சொல்ல, நானும் தலையாட்டினேன். (அது என் தப்பு. வாடகைக்கு விடுகிறவர்கள் இதைச் செய்யாதீர்கள்.) பேங்க் கணக்கு தனித்தனி. வாட்ஸ்அப்பில் ஒரு படம் கிடையாது. நண்பர்கள் எடுத்த போட்டோக்களில்கூட இவன் ஒரு கோடி, அவள் ஒரு கோடி.

அவள் அம்மா ராத்திரி எட்டரைக்கு வீடியோ கால் செய்வார், ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். போன் அடித்ததும் பின்கதவு திறக்கும், இவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவான். ஜூலைக் குளிரில் எங்கள் துணிக்கொடிக்குக் கீழே போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்பான். என் சமையலறை ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும். ஒரு நாள் டீ கொண்டுபோய்க் கொடுத்து, "செருப்பை ஏம்ப்பா கையில வச்சிருக்கே?" என்று கேட்டேன். "வாசல்ல கிடந்தா கேமராவுல தெரிஞ்சிடும் அக்கா" என்றான். கசின் கதை அன்றோடு முடிந்தது.

ஆதாரம் தேடி மூன்று பேரும் உட்கார்ந்தோம். வாடகையில் அவள் பங்கை மாதாமாதம் அவனுக்கு அனுப்பியது பேங்க் அறிக்கையில் இருந்தது. கார் இன்சூரன்ஸில் இரண்டாவது ஓட்டுநராக அவள் பெயர். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிக் காகிதம். அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த ராத்திரி, அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அவள் பெயரும் போன் நம்பரும், உறவு என்ற கட்டத்தில் 'பார்ட்னர்' என்றும் எழுதியிருந்தது. பயத்தில் பொய் சொல்ல மறந்திருக்கிறான். இருபது மாதத்தில் அவர்கள் உண்மையை எழுதிக் கொடுத்த ஒரே படிவம் அதுதான்.

நான் எழுத வேண்டியது படிவம் 888. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள இரண்டு பேராவது சாட்சி சொல்ல வேண்டும். இவர்களை எப்படித் தெரியும், இந்த உறவு உண்மை என்று ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள். 'நல்ல பிள்ளைகள், ஒற்றுமையாக இருக்கிறார்கள்' என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் நம் வழக்கம். அது எதற்கும் உதவாது. கசின் என்று அவர்கள் சொன்னதையும் நான் எழுதினேன், செருப்பையும் துணிக்கொடியையும் எழுதினேன். மறைத்தார்கள், ஏன் மறைத்தார்கள், எனக்கு எப்படித் தெரிந்தது எல்லாவற்றையும் எழுதினேன். மறைத்த காரணத்தை அவளும் தன் வாக்குமூலத்தில் விளக்கினாள்.

இது ஏதோ வெள்ளைக்காரச் சட்டத்தின் வினோதம் என்று நினைக்க வேண்டாம். 2010இல் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும், திருமணம் போன்ற உறவு என்றால் அந்த ஜோடி சமுதாயத்தின் முன் கணவன் மனைவி போலத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. காட்டிக்கொண்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்த நீதிபதிகளுக்கும் தெரியாமலா இருக்கும்? அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு என்று நான் யாரையும் தள்ளமாட்டேன். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமலிருப்பது வேறு, வாடகை ஒப்பந்தத்துக்கும் பேங்குக்கும் கரன்ட் பில்லுக்கும் தெரியாமலிருப்பது வேறு. கரன்ட் பில் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லாது.

12 மாதம் ஆகாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் உறவைப் பதிவு செய்தால் அந்த 12 மாத நிபந்தனை விலகும், ஆனால் உறவு உண்மையானது என்பதை அப்போதும் காட்ட வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் வட பிரதேசத்திலும் அந்தப் பதிவு இல்லை. வேறொரு கல்யாணம் நிலுவையில் இருப்பவரும் பதிய முடியாது, அதனால் இவளுக்கு உதவவில்லை. இங்கே நியூ சவுத் வேல்ஸில் பதிவுக்கு 28 நாள் காத்திருப்பு உண்டு என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். தன்பாலினத் தம்பதிகளுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். ஊரில் தன்பாலினத் திருமண வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்த பிறகு அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் பிடிமானம்.

எப்படியானாலும் விசா முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். முடிந்த பிறகு போட்டால் கட்டாயக் காரணம் காட்டச் சொல்வார்கள், அது பெரும்பாடு. கட்டணம் 2025 ஜூலை நிலவரப்படி 9,365 டாலர், நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். நிராகரித்தாலும் திரும்ப வராது. அவள் வளையல் இரண்டை விற்றாள், மீதியை அவன் போட்டான். மாணவர் விசா முடிந்த மறுநிமிஷம் பிரிட்ஜிங் விசா, அதாவது முடிவு வரும்வரை இங்கே இருக்க விடும் இடைக்கால விசா, அமலுக்கு வரும். இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலைக் கட்டுப்பாடும் அதோடு போய்விடும்.

பெண்களுக்கு ஒன்று. விண்ணப்பம் போட்ட பிறகு துணைவன் அடித்தாலோ மிரட்டினாலோ, "விட்டுட்டுப் போனா உன் விசா போயிடும்" என்பது முழு உண்மை இல்லை. குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால் விண்ணப்பம் தொடர்வதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இவர்கள் விசா முடிய ஆறு நாள் இருக்கும்போது போட்டார்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். இதற்கிடையில் ஊரில் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். பிரிட்ஜிங் 'ஏ' விசாவில் நாட்டைவிட்டுப் போனால் திரும்ப வர முடியாது, அதற்கு 'பி' வாங்க வேண்டும். நேற்று ராத்திரி அந்த விண்ணப்பத்தை என் லேப்டாப்பில் நிரப்பிக்கொண்டிருந்தோம். மணி எட்டரை, போன் அடித்தது. பையன் பழக்க தோஷத்தில் எழுந்து செருப்பைத் தேடினான். "உட்காரு, இது அக்கா வீடு, யாரும் எதுவும் நினைக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள். கேமராவை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.