கம்பத்தில் ஓடும், வண்டன்மேட்டில் ஓடாது

"இரண்டு மாறிகளை மாற்றினால் போதும், எந்தக் கருவிக்கும் நிரல் தயார்" என்று கோ (Go) என்ற நிரல்மொழியின் பெருமையை எனக்கு உபதேசித்த புண்ணியவான்கள் அத்தனை பேரும் இந்த வாரம் என்னோடு குமுளி மலைப்பாதையில் பேருந்தில் நின்றபடியே வந்திருக்க வேண்டும்.

வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோர், உலர்த்தும் அறையின் வெப்பத்தைக் குறித்துவைக்க ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி, அதில் கோ மொழியில் எழுதிய என் நிரல், குறிப்பதைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம். அந்தத் தரவுத்தளம் சி மொழியில் எழுதப்பட்டது என்பதுதான் நான் செய்த பாவம். அடிவாரத்துக் கம்பம் ஊரில் என் கணினியில், ராஸ்பெர்ரி பையின் ஆர்ம் செயலிக்காகக் கம்பைல் செய்தபோது ஒரு பிழையோ, எச்சரிக்கையோ, முனகலோ வரவில்லை. மலையேறி, முதலாளி பார்த்துக்கொண்டிருக்க இயக்கினால், "சி இல்லாமல் கட்டப்பட்ட நான் வெறும் பொம்மை" என்கிறது நிரல். வேறு செயலிக்குக் கட்டும்போது, சி நிரலைக் கோ நிரலோடு இணைக்கும் சிகோ தானாகவே அணைந்துவிடுமாம். கட்டும்போதே அதைச் சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

இறங்கிவந்து சிகோவை இயக்கியதும், என் கணினியின் சி கம்பைலரான ஜிசிசி, ஆர்ம் கட்டளைகளைப் பார்த்துவிட்டு, இப்படியெல்லாம் கட்டளைகளே கிடையாது என்று பக்கம் பக்கமாகக் கத்தியது. ஆர்முக்கென்று தனி ஜிசிசியை நிறுவினேன், கட்டியது. மீண்டும் மலை. "என்ன தம்பி, இன்னிக்காவது ஓடுமா?" என்று முதலாளி கேட்டு முடிப்பதற்குள், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.34 இல்லை என்று ஒரே வரியில் செத்தது. என் கணினியின் இயங்குதளமான உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, ராஸ்பெர்ரி பையின் டெபியன் 11இல் இருப்பது 2.31. நான் எந்தப் புதிய வசதியையும் தொடவில்லை. நிரலைத் தொடக்கிவைக்கும் செயற்கூற்றுக்கே 2.34இல் புதிய பதிப்பு முத்திரை குத்தியிருக்கிறார்கள். டெபியன் 11உம் ஜிலிப்சி 2.34உம் 2021 ஆகஸ்டில், ஒரே மாதத்தில் வெளியானவை என்பதைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மசல் என்ற இன்னொரு சி நூலகத்தை நிரலுக்குள்ளேயே அடைத்து ஸ்டாட்டிக்காகக் கட்டியிருக்கலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த ஞானம் எனக்கு மூன்றாம் முறை லோயர் கேம்ப்பைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

அந்த மூன்றாம் பயணத்தில், மூல நிரலையே சுமந்துபோய் ராஸ்பெர்ரி பையிலேயே கம்பைல் செய்யக் கொடுத்தேன். ஒரே கோப்பில் இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல் நீளும் எஸ்கியூலைட்டை அது மென்றுகொண்டிருக்க, முதலாளி வந்து அந்தக் குட்டிக் கணினியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"இந்தச் சூட்டுலயே ஒரு தட்டு காய் காஞ்சிரும் போலிருக்கே, தம்பி!"

சிரித்துத் தொலைத்தேன்.